இருபத்தோரு மீட்டர் தள்ளி ஒரு சேத்தக்

ராஜா அண்ணாமலைபுரத்தில் மொட்டை மாடிக்குப் போய்ப் பழக்கமுள்ளவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பட்டினப்பாக்கம் பக்கமாக, கடற்கரையை ஒட்டி அவ்வப்போது ஒரு சின்ன ஹெலிகாப்டர் போகும். மூக்கு முழுக்கக் கண்ணாடி, முதுகில் மூடியே இல்லாத என்ஜின், கீழே மூன்று சக்கரம். இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அது சேத்தக்காகத்தான் இருக்கும். பிரான்ஸில் 1959ல் முதன்முதலாகப் பறந்த அலூவெட் 3 என்ற ஹெலிகாப்டரை, உரிமம் வாங்கி பெங்களூரு ஹெச்.ஏ.எல். இங்கேயே செய்ய ஆரம்பித்தது. முதல் சேத்தக் 1965ல் பறந்தது. அதன் பிறகு 300க்கும் மேல் கட்டியாகிவிட்டது. விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை என்று மூன்று இடத்திலும் அது உழைத்திருக்கிறது.

இதை ஒரு ஜாணுக்குள் அடக்கி மேஜை மேல் நிறுத்துவது எப்படி என்று இன்று பார்ப்போம். டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை, நிதானமாகவே போகலாம். ஹெல்லர் என்ற பிரெஞ்சு கம்பெனி இதே அலூவெட் 3ஐ 1/72 அளவில் பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டிருக்கிறது. 1/72 என்றால் நிஜத்தில் 72 மில்லிமீட்டர் இருப்பது மாடலில் 1 மில்லிமீட்டர். சேத்தக்கின் ரோட்டர் விட்டம் 11.02 மீட்டர், மாடலில் 153 மில்லிமீட்டர். உடல் நீளம் 10 மீட்டர் சொச்சம். மாடலில் 14 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெட்டியில் வருகிற பாகங்களை ஒட்டினால் ஒரு ஹெலிகாப்டர் வந்துவிடும். அதில் இல்லாததை நாமே கம்பி, தாள், பிளாஸ்டிக் துண்டு கொண்டு செய்து சேர்ப்பதற்கு ஸ்கிராட்ச் பில்ட் என்று பெயர்.

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “அசல் ஹெலிகாப்டருக்கு அடிக்கிற அதே பெயிண்ட் எங்கே கிடைக்கும்?” அது கிடைத்துவிட்டால் மாடலும் அசலாகிவிடும் என்ற நம்பிக்கை. நியாயமான நம்பிக்கைதான், ஆனால் தவறானது. அசல் டின்னிலிருந்தே ஒரு ஸ்பூன் எடுத்து அடித்தாலும் மாடல் இருண்டு, கனத்துப்போய், பொம்மையாகத் தெரியும். ஏன் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு பெயிண்ட் அடித்தவர்களுக்கு இது தெரிந்த கதையே. கடையில் ஷேடு கார்டில் பார்த்தபோது சாதுவான மஞ்சளாக இருந்தது, ஹால் சுவர் முழுக்க அடித்ததும் கண்ணைப் பறிக்கிறது. டின் மாறவில்லை. நிறம் பரந்த இடத்தில் இருக்கும்போது நம் கண்ணுக்கு வெளிச்சமாகவும் அழுத்தமாகவும் தெரியும். சின்னத் துண்டாக இருக்கும்போது மங்கி, இருண்டு தெரியும். இங்கே நிஜ ஹெலிகாப்டர்தான் சுவர், நம் மேஜையில் இருப்பது ஷேடு கார்டு. சுவரில் பார்த்த அதே உணர்வு கார்டில் வர வேண்டுமானால், கார்டின் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாகத்தான் கலக்க வேண்டும்.

இன்னொரு காரணம் வெளிச்சம். உச்சி வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதன் அளவு. நம் ஹாலில் டியூப்லைட் அடியில் சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது. வெளிச்சம் குறையக் குறைய நிறத்தின் வீரியமும் குறையும். அது கண்ணின் இயல்பு. ஹெலிகாப்டரை நாம் பார்ப்பது வெயிலில், மாடலைப் பார்ப்பது வீட்டுக்குள். ஹெலிகாப்டரை 72ல் ஒரு பங்காகச் சுருக்கினோமே தவிர, வெயிலை யாரும் கூடவே கொண்டுவந்து கொடுக்கவில்லை. அந்தக் குறையை பெயிண்ட்தான் ஈடுகட்ட வேண்டும்.

மாடல் செய்கிறவர்கள் இதை ஸ்கேல் எஃபெக்ட் என்பார்கள். இடையில் இருக்கும் காற்றுதான் நிறத்தை வெளுக்க வைக்கிறது என்று பலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஒப்புதல் இல்லை. மாடலை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறோம். 72ஆல் பெருக்கினால் 21.6 மீட்டர். ஒரு கிரவுண்டு மனையின் 60 அடி நீளத்தை விடச் சற்றே அதிகம். அவ்வளவு தூரத்துக் காற்று நிறத்தை என்ன பெரிதாக மாற்றிவிடும்? மலைத்தொடர் நீலமாகத் தெரிவதற்குக் காற்று காரணம், எதிர் வீட்டுச் சுவருக்கு இல்லை. விளக்கம் எதுவானாலும் கைப்பக்குவம் ஒன்றுதான்: 1/72க்கு ஏறக்குறைய 15 சதவீதம், 1/48க்கு 10 சதவீதம் வெளுப்பு கலக்கலாம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. இது சட்டம் இல்லை, ஆரம்பிக்க ஓர் இடம். மூன்று பிளாஸ்டிக் ஸ்பூன் எடுத்து, அசல் நிறம், கொஞ்சம் வெளுப்பு, இன்னும் கொஞ்சம் வெளுப்பு என்று அடித்து, மாடலை எந்த விளக்கின் கீழ் வைக்கப் போகிறோமோ அதே விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். கண்ணே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

வெளுப்பு என்றதும் வெள்ளையை ஊற்றிவிடக் கூடாது. 2024 அக்டோபர் 6ல் மெரினாவில் நடந்த விமான சாகசத்தில் சாரங் குழு பறந்ததே, கோயம்புத்தூர் பக்கம் சூலூரிலிருந்து வருகிற குழு. துருவ் ஹெலிகாப்டரின் சிவப்பு உடலில் மயில் வரைந்திருப்பார்கள். அந்தச் சிவப்பில் வெள்ளை கலந்தால் ரோஸ் மில்க் ஆகிவிடும். சிவப்பை வெளுக்க ஆரஞ்சு, பச்சையை வெளுக்க மஞ்சள் அல்லது மணல் நிறம் என்று பக்கத்து நிறத்தைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். டயருக்கும் ரோட்டர் பிளேடுக்கும் சுத்தக் கறுப்பு வேண்டாம். தூசியும் வானத்தின் பிரதிபலிப்பும் சேர்ந்து நிஜத்தில் அவை கரும்சாம்பலாகவே தெரிகின்றன.

கடலோரக் காவல்படை சேத்தக்கில் வேறொரு சிக்கல். உடலே வெள்ளை. வெள்ளைக்கு மேல் வெளுக்க இடமில்லை. அதனால் அடிப்படை நிறத்தில் ஒரு சொட்டு சாம்பல் கலந்து கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்கிறோம். பிறகு வெயில் நேராக விழுகிற மேல் விளிம்புகளுக்கு மட்டும் சுத்த வெள்ளை. அப்போதுதான் உடலின் வளைவு தெரியும். முழுக்கச் சுத்த வெள்ளையாக அடித்தால் தட்டையாகிவிடும், எந்த விளக்கு போட்டாலும் காப்பாற்ற முடியாது. வெள்ளை பெயிண்ட் அடிப்பதே பொறுமையைச் சோதிக்கும் வேலை. சாம்பல் பிரைமர் கொடுத்து, மெல்லிசாக நாலைந்து பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

நம்ம ஊர் பருவமும் இதில் ஒரு கை பார்க்கும். மே மாதத்தில் ஏர்பிரஷ் பிடித்தால் பெயிண்ட் மாடலில் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, பரப்பு சொரசொரப்பாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் மழை ஈரத்தில் லேக்கர் ஸ்பிரே அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும். காலையில், கடல்காற்று ஏறுவதற்கு முன்பு, ஜன்னல் ஓரமாக வைத்துக்கொள்வது உத்தமம்.

நிறத்துக்குச் சொன்ன தூரக் கணக்கு நுணுக்க வேலைக்கும் அப்படியே பொருந்தும். சாதாரணப் பார்வையுள்ள கண்ணுக்கு 21.6 மீட்டரில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இடைவெளிதான் பிரித்துப் பார்க்கும் எல்லை. அதைவிட நெருங்கி இருக்கிற இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். மாடலில் அது 0.09 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் கனத்தை விடச் சற்று அதிகம். உடல் தகட்டில் இருக்கும் சின்ன ரிவெட் ஆணித் தலைகள் இந்த எல்லையிலேயே நிற்கின்றன. போதாததற்கு அவை தகட்டின் நிறத்திலேயே பெயிண்ட் அடிக்கப்பட்டவை. அவ்வளவு தூரத்தில் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே சில கிட்டுகளில் புடைத்துக்கொண்டு நிற்கும் ரிவெட்டுகளைத் தேய்த்து எடுத்துவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை. ஒவ்வொரு ஆணியையும் ஊசியால் குத்தி வைப்பவர்களின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் அந்த நேரத்தை வேறு இடத்தில் செலவிடச் சொல்வேன்.

எந்த இடத்தில்? இங்கேதான் கண்ணின் இன்னொரு குணம் உதவுகிறது. தகட்டின் மேல் இருக்கும் 6 மில்லிமீட்டர் ஆணி தெரியாது. அதே கனத்தில் வானத்தின் எதிரே போகிற ஒரு கேபிள் பளிச்சென்று தெரியும். வெளிச்சமான பின்புலத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது நன்றாக மெல்லிசாக இருந்தாலும் கண் விடாது. ஆக, ஒரு பாகத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது அதன் அளவைவிட, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். வானமோ கண்ணாடியோ பின்னால் இருந்தால் செய்யுங்கள். அதே நிறத் தகடு இருந்தால் விட்டுவிடுங்கள்.

சேத்தக்கில் இதற்கு அருமையான உதாரணம் ரோட்டர் தலையில் இருக்கிறது. மூன்று பிளேடுகளுக்கும் நடுவே, ஒன்றை ஒன்று சரியான இடைவெளியில் பிடித்து வைக்க மெல்லிய கேபிள்கள் ஓடுகின்றன. அலூவெட் குடும்பத்தின் அடையாளமே அந்த முக்கோணம். இந்த மாதிரி இழைகளை நாமே சுலபமாகச் செய்துவிடலாம். கிட்டில் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். எல்லாரும் தூக்கிப் போடுவது. அதில் ஒரு விரல் நீளம் வெட்டி, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், இரு கையாலும் பிடித்து உருட்டுங்கள். முதலில் பளபளக்கும், பிறகு நடுவில் தொய்யும். தொய்ந்ததும் சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, இரு பக்கமும் இழுங்கள். வேகமாக இழுத்தால் முடி கனம், மெதுவாக இழுத்தால் நூல் கனம். வேண்டிய நீளம் நறுக்கி, துளி பசையில் ஒட்டி, கொஞ்சம் தொங்கினால் ஊதுபத்திக் கங்கைச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். இழை தானாகச் சுருங்கி விறைத்துக்கொள்ளும். அதிகம் நெருங்கினால் அறுந்துபோகும். ஸ்ப்ரூவுக்குப் பஞ்சமில்லை, இன்னொன்று இழுக்கலாம்.

பிளேடுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கிட்டில் அவை ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேராக வருகின்றன. நின்றிருக்கும் சேத்தக்கில் அப்படி இல்லை. ஐந்து மீட்டர் அளவுக்கு நீளமான மெல்லிய பிளேடு, தன் எடையிலேயே நுனி தாழ்ந்து தொங்கும். என்ஜின் ஓடி, ரோட்டர் நிமிடத்துக்கு 350 சுற்று அளவில் சுழலும்போது, வெளிப்பக்கம் இழுக்கும் விசை அதை நேராக்கிவிடும். சக்கரத்தில் நிற்கும் மாடலுக்கு நேர் பிளேடு மாட்டினால், எங்கோ தப்பு என்று விஷயம் தெரியாதவருக்கும் உறுத்தும். ஒரு டம்ளர் சுடுநீரில் பிளேடை முக்கி, விரலால் மெதுவாக வளைத்து, பச்சைத் தண்ணீரில் நனைத்தால் வளைவு நின்றுவிடும். மாடலில் நுனி 3 மில்லிமீட்டர் இறங்கினாலே நிஜத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல், எனவே கையை அடக்கியே வளைக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: சேத்தக்கின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் சுழல்வது. பிளேடின் உருண்ட விளிம்பு அந்தத் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், மெல்லிய விளிம்பு பின்னால். தலைகீழாக மாட்டிய மாடல்கள் கண்காட்சிகளில்கூட உண்டு.

அடுத்து கண்ணாடி. சேத்தக்கின் முகமே கண்ணாடி என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். முன்னால் மூன்று இருக்கை, பின்னால் நான்கு பேர் உட்காரும் பெஞ்ச். வேறு ஹெலிகாப்டரில் உள்ளே கறுப்படித்துவிட்டுத் தப்பிக்கலாம், இதில் முடியாது. சீட் பெல்ட் நிஜத்தில் 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் மாடலில் 0.7 மில்லிமீட்டர், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளைப் புது பிளேடால் கீற்றாக நறுக்கினால் போதும், சீட்டின் மேல் இயல்பாக மடிந்தும் படுக்கும். விமானத்தின் சாதாரண மீட்டர் 8 சென்டிமீட்டர் விட்டம், இங்கே 1.1 மில்லிமீட்டர். மீட்டர்கள் இருக்கும் பேனலைக் கரும்சாம்பலாக அடித்து, ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் சாம்பல் தொட்டு மேலாக இழுத்தால் புடைப்புகள் மட்டும் நிறம் பிடிக்கும். இதை டிரை பிரஷ் என்கிறோம். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வைத்தால் கண்ணாடி வந்துவிடும். முள்ளும் எண்ணும் எழுத வேண்டாம். இருபத்தோரு மீட்டரில் யார் படிக்கப் போகிறார்கள்?

கண்ணாடியை ஒட்ட மட்டும் ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும், துடைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்து ஃபெவிகாலே இதற்குச் சரி. வெள்ளையாக இருந்தாலும் காய்ந்ததும் தெளிந்துவிடும், அதிகம் வழிந்தால் ஈரத்துணியில் துடைத்துக்கொள்ளலாம்.

முதுகில் திறந்திருக்கும் ஆர்டூஸ்ட் என்ஜினுக்கு நல்ல தீனி வேண்டும். ரிச்சி தெருவில் வாங்குகிற மெல்லிய ஒயரை உரித்தால் உள்ளே இருக்கும் செம்பு இழை 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நிஜத்தில் 7 மில்லிமீட்டர் குழாய். இரண்டை முறுக்கினால் தடித்த குழாய். காற்று உள்ளே போகும் வாயில் வலை வைக்கலாம் என்று எல்லாரும் முதலில் கை நீட்டுவது டீ வடிகட்டியிடம்தான். அதன் கண் அரை மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 36 மில்லிமீட்டர், இரண்டு விரல் நுழையும் ஓட்டை. நைலான் காலுறைத் துணியை இழுத்து ஒட்டினால் கண் சின்னதாகும். இப்படி 72ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் தானே நின்றுவிடும்.

ராணுவ மாடல்தான் வேண்டும், வெறும் மீட்பு ஹெலிகாப்டர் போதாது என்பவர்களுக்கு ஒரு யோசனை. 1971 போரின்போது வங்காளதேச விமானப்படையின் முதல் பிரிவாக, கிலோ ஃபிளைட் என்ற பெயரில், நாகாலாந்தின் திமாப்பூரில் ஒரு சின்ன அணி உருவானது. ஒரு ஆட்டர் விமானம், ஒரு டகோட்டா விமானம், ஒரு அலூவெட் ஹெலிகாப்டர். அந்த அலூவெட்டின் இரு பக்கமும் மொத்தம் 14 ராக்கெட்டுகள் பொருத்தினார்கள். டிசம்பர் 3 இரவு அது நாராயண்கஞ்ச் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியது. பக்கத்துக்கு ஏழு என்று கணக்கிட்டு, உருளையான ராக்கெட் கூடாக அதை நாம் செய்து பார்க்கலாம். ஒரு குழாயை நடுவில் வைத்தால் அதே அளவுக் குழாய்கள் ஆறு, இடைவெளியே இல்லாமல் சுற்றிலும் கச்சிதமாக உட்காரும். கூடு ஒரு குழாயின் மூன்று மடங்கு விட்டம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 21 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.82 மில்லிமீட்டர், அதாவது நிஜத்தில் 59. கூரான முனையை முதலில் அரத்தில் மழுக்கிவிட்டு, ஏழு துண்டு நறுக்கி, சிகரெட் தாளில் சுற்றி ஒட்டினால் கூடு தயார். அந்த ஹெலிகாப்டரின் தரையில் 25 மில்லிமீட்டர் இரும்புத் தகடும் பற்றவைத்திருந்தார்கள். மாடலில் அது 0.35 மில்லிமீட்டர், இருக்கைகளுக்கு அடியில் மறைந்துவிடும். விட்டுவிடலாம்.

நிறமும் பாகங்களும் முடிந்ததும் நிழல். வீட்டு வெளிச்சம் நாலா பக்கமிருந்தும் சிதறி வருவதால், வெயிலில் கதவு விளிம்பிலும் என்ஜின் குழாய்களுக்கு நடுவிலும் விழுகிற கூர்மையான நிழல் மாடலில் விழாது. அதையும் நாம்தான் வரைய வேண்டும். கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தண்ணியாகக் கரைத்து, இடுக்குகளில் பிரஷ் நுனியால் தொட்டால் தானே ஓடிப்போய் நிரம்பும். இதற்கு வாஷ் என்று பெயர். வெள்ளை உடலில் கறுப்பு வாஷ் போட்டால் கட்டம் போட்ட நோட்டு ஆகிவிடும். அங்கே வெளிர் சாம்பல் போதும். என்ஜின் புகை வாய்க்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் கரி நிறம் தாராளமாக இருக்கலாம்.

கடைசி வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. விமானப்படை மாடல் என்றால் காவி வெளியே, வெள்ளை நடுவில், பச்சை உள்ளே என்று வட்டச் சின்னம் ஒட்டி, அதன் மேல் மங்கலான வார்னிஷ். பெயிண்ட் படாமலிருக்கக் கண்ணாடி மேல் ஒட்டிய டேப்பை வார்னிஷ் காயும் வரை எடுக்காதீர்கள், இல்லையென்றால் கண்ணாடியும் மங்கும். பிறகு டேப்பை எடுத்துவிட்டு, ஆன்டெனா ஒயர். ரோட்டரையும் அதன் கேபிள்களையும் தனியாகவே செய்து, தண்டில் ஒட்டாமல் சும்மா செருகி வையுங்கள். தூசி தட்டுவது வீட்டில் யார் பொறுப்போ அவரிடம், முதலில் அதை மேலே தூக்கி எடுத்துவிட்டு அப்புறம் துணியை எடுக்கச் சொல்லிவிடுங்கள்.